எதில் பாதி

கணக்குப் புத்தகத்தில் வரும் அப்பாக்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. ஒருவர் தன் நிலத்தில் பாதியை மூத்த மகனுக்கும், மூன்றில் ஒரு பங்கை இளைய மகனுக்கும் கொடுத்துவிட்டு, மீதி இரண்டு ஏக்கரைத் தனக்கென்று வைத்துக்கொள்வார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்புக்கு ஓட மாட்டார்கள். தாசில்தார் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்க மாட்டார்கள். மொத்த நிலம் எவ்வளவு என்பது ஒன்றுதான் அந்தக் குடும்பத்துக்குப் பிரச்சினை. மன்னார்குடிக்கும் ஒரத்தநாட்டுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் அப்படி ஓர் அப்பாவை நான் பார்த்ததில்லை. அந்தக் கணக்குகளில் மகள் என்று ஒருத்தி அபூர்வமாகத்தான் வருவாள் என்பதை இன்னும் தாமதமாகத்தான் கவனித்தேன்.

நான் மன்னார்குடியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் விவசாயம் பார்க்கிறார். மாமனார் மாமியார் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டில் நாங்கள் இருவர்தான். அப்படி இருந்தபோதுதான், குறுவை நடவு நடந்துகொண்டிருந்த நேரத்தில், கணவரின் ஒரே தங்கை ஒரு காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தாள். தோளில் ஒரு பை. இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்” என்று அண்ணனிடம் சொன்னாள். அடுப்படிக்கு வந்ததும் என்னிடம் வேறு சொன்னாள். “கதவுல வச்சு அழுத்தினார் அண்ணி.”

அவள் கணவர் ஒரத்தநாட்டுக்கு அந்தப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறார். வெளியில் பார்த்தால் தங்கமான மனிதர். கடைக்கு வருகிறவர்களை ‘வாங்க, உக்காருங்க’ என்று சொல்லாமல் ஒரு மூட்டை விற்க மாட்டார். குழந்தை இல்லை என்பதில் ஆரம்பித்து, குழம்பில் உப்பு கூடிவிட்டது என்பது வரை அவருக்கு அடிக்க ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். என் கணவருக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ள அவர் விரும்பவில்லை. தங்கை வந்து ஒரு மாதம் ஆனதும் ஊர் கேட்க ஆரம்பித்தது. அவர் கொதிப்பெல்லாம் ஊர் மேல் இல்லை, தங்கை மேல்தான்.

“பிளஸ் டூ படிச்சிருக்கா. குரூப் நாலு எழுதட்டுமே” என்று நான்தான் சொன்னேன். “வேலை கிடைச்சா அவ காலுல அவ நிப்பா. யாருக்கும் பாரமில்ல.”

அவர் ஒத்துக்கொண்டார். “சரி. பரிட்ச வரைக்கும் இருக்கட்டும். கிடைச்சா அவ பாடு. கிடைக்கலன்னா நானே கொண்டுபோய் அங்க விட்டுட்டு வந்துடுவேன். அப்புறம் நீ குறுக்க பேசக் கூடாது.”

ஆக, அவள் திரும்பி அந்த வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்பது ஒரு பரீட்சையில் வந்து நின்றது. தமிழும் பொது அறிவும் அவளுக்குத் தன்னால் வந்தன. நல்ல நினைவாற்றல். பயமெல்லாம் கணக்கில்தான். பள்ளியில் அவளுக்குக் கணக்கு எடுத்தவர் பின்னங்கள் வந்தால் மட்டும் பெண்களைப் பார்த்து, ‘நீங்க எழுதிக்கிட்டா போதும்’ என்பாராம். எழுதிக்கொண்டாள். புரியவில்லை.

நான் பள்ளி விட்டு வந்ததும் சாயங்காலம் அடுப்படித் தரையில் உட்காருவோம். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கம்தான் எங்களுக்குக் காகிதம். விகிதம் அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. இட்லி மாவு காப்பாற்றியது. நாலுக்கு ஒன்று என்றால் உளுந்து மொத்தத்தில் நாலில் ஒன்று இல்லை, ஐந்தில் ஒன்று என்பதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவளே சொன்னாள். “நாலு டம்ளர் அரிசியும் ஒரு டம்ளர் உளுந்தும் சேந்தா அஞ்சு டம்ளர்தானே அண்ணி. இதுல என்ன இருக்கு?” பட்டதாரிப் பிள்ளைகளே தடுக்கி விழும் இடம் அது. எனக்கு ஏகப்பட்ட நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு அந்த அப்பா வந்து சேர்ந்தார். நிலத்தில் பாதி மூத்தவனுக்கு, மூன்றில் ஒரு பங்கு இளையவனுக்கு, மீதி இரண்டு ஏக்கர். அவள் ஆறு ஏக்கர் என்று எழுதினாள்.

விடை பன்னிரண்டு. பன்னிரண்டில் பாதி ஆறு, மூன்றில் ஒன்று நாலு, மீதி இரண்டு. போட்டுக் காட்டினேன். அவள் தலையாட்டவில்லை.

“மொத்தம் ஆறு ஏக்கர்னு வைங்க. பாதிய மூத்தவனுக்குக் கொடுத்துட்டார். கையில மூணு இருக்கு. அதுல மூணுல ஒரு பங்கு, ஒரு ஏக்கர், சின்னவனுக்கு. மீதி ரெண்டு. சரியாத்தானே வருது?”

“ரெண்டாவது பங்கையும் முழு நிலத்துலதான் எடுக்கணும். மீதியிலன்னு கேள்வியில இல்லையே.”

“முழு நிலம் அவர்கிட்ட ஏது அண்ணி அப்ப? பாதியத்தான் கொடுத்தாச்சே. கொடுத்தது எப்படி இன்னும் அவரோடதாகும்?” ஓர் உதாரணம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். “கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்ட ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து வாங்கினாங்கள்ல. அதுக்கப்புறமும் அந்த நிலத்த என்னோடதுன்னு சேத்து எண்ண முடியுமா?”

அவள் சொன்னது விடுதலைப் பத்திரம். நகை போட்டாயிற்று, கல்யாணம் செய்துவைத்தாயிற்று, இனி சொத்தில் எனக்குப் பாத்தியதை இல்லை என்று பெண்ணிடம் எழுதி வாங்கிக்கொள்வது. எங்கள் பக்கத்தில் தாலிக்கு நாள் குறிப்பதற்கு முன்பு இதற்கு நாள் குறிக்கிறவர்கள் உண்டு. அவள் எழுதிக் கொடுத்த நிலமும் நாங்கள் உட்கார்ந்திருந்த வீடும் இப்போது என் கணவர் பெயரில் பட்டாவாகி இருக்கின்றன. அந்த நெல்லைத்தான் நானும் தின்கிறேன். அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை, கணக்குக்காகத்தான் சொன்னாள். இருந்தும் எனக்கு முகம் எரிந்தது. “அதெல்லாம் இங்க கொண்டுவராத, கேள்வியப் படி” என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

கேள்வித்தாளில் நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். அதில் ஆறும் இருந்தது, பன்னிரண்டும் இருந்தது. கேள்வி எடுக்கிறவர்கள் சாமானியப்பட்டவர்கள் இல்லை. நாம் எங்கே விழுவோம் என்று பார்த்து, அங்கேயே குழி வெட்டி வைத்திருப்பார்கள்.

பால், தண்ணீர், சம்பளம், துணி என்று எதை மாற்றிக் கொடுத்தாலும் அவளுக்கு அதே தவறுதான் வந்தது. முதல் பங்கை முழுமையில் எடுப்பாள். அடுத்ததை மிச்சத்தில் எடுப்பாள். அதற்கடுத்ததை மிச்சத்தின் மிச்சத்தில். எனக்கு மண்டை காய்ந்தது. இந்தப் பெண்ணுக்கு இது எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று புரியவில்லை.

குறுவை அறுவடை அன்று புரிந்தது. அறுப்பு மெஷின்காரர்களுக்கும் எங்கள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. கெண்டைமீன் குழம்பு. மாவுக்கட்டு பிரித்திருந்ததால் அவளே பரிமாறினாள். முதலில் அண்ணனுக்கும் மெஷின்காரர்களுக்கும். சட்டியில் இருந்த துண்டுகளில் பாதி போயிற்று. அவர்கள் மறுசோறு கேட்டபோது இருந்ததில் பாதி. பிறகு என்னை உட்காரவைத்து, சட்டியைச் சாய்த்துப் பார்த்து, அதில் பாதி. எல்லோரும் எழுந்த பிறகு அவள் உட்கார்ந்தாள். அவள் தட்டில் ஒரு வால் துண்டும் குழம்பும் இருந்தன. யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கரண்டி தானாக அப்படித்தான் போகிறது. அவள் வாழ்நாளில் எந்தப் பங்கும் முழுச் சட்டியிலிருந்து அவளுக்கு வந்ததில்லை.

நானும் அந்த வீட்டில் அப்படித்தான் பரிமாறுகிறேன், அப்படித்தான் சாப்பிடுகிறேன். ஆனால் கணக்கில் பட்டம் வாங்கியவள் என்பதால், சட்டி வேறு, கணக்கு வேறு என்று பிரித்து வைத்திருந்தேன். அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

அன்று சாயங்காலம் ஒரு வழி செய்தேன். “இனிமே எந்தக் கணக்குலயும் பங்குன்னு வந்தா, பாதின்னு வந்தா, பென்சில எடுக்கக் கூடாது. முதல்ல ‘எதுல?’ன்னு கேளு. எதுல பாதி? எதுல மூணுல ஒண்ணு? அதுக்குக் கேள்வியிலயே பதில் இருக்கும். இல்லன்னா முழுசுல.”

அவள் தாளின் மேல் ‘எதுல?’ என்று எழுதி அடிக்கோடு போட்டாள். அடுத்த நாளும் எழுதினாள். பிள்ளையார் சுழி போடுகிற இடத்தில் அதைத்தான் போட்டாள். சமையலறையில் முணுமுணுப்பாள். “எதுல... எதுல...” என் கணவர் கடந்துபோகும்போது, “என்னத்தத் தொலைச்சா இவ?” என்று கேட்பார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். மார்கழிக்குள் அந்தத் தவறு அநேகமாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மன்னார்குடிக்குக் கூட்டிப்போய் மாதிரித் தேர்வு எழுதவைத்தேன். கணக்கில், அங்கே எழுத வந்த என் பள்ளியின் இளம் டீச்சர்களைவிட நன்றாகச் செய்தாள். துணைக்கு இருக்கட்டும் என்று நானும் விண்ணப்பித்திருந்தேன். ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் அடுத்தடுத்துப் போட்டதால் எங்கள் பதிவு எண்களும் அடுத்தடுத்து வந்தன. ஒரே பள்ளி, ஒரே ஹால்.

சம்பா அறுவடை முடிந்து, பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தபோது அவள் கணவர் வந்தார். கூட எங்கள் பெரிய மாமாவையும் அழைத்து வந்திருந்தார். பெரிய மாமா என் மாமனாரின் அண்ணன், குடும்பத்துக்கே மூத்தவர். அவர் சொன்னால் என் கணவர் தட்ட மாட்டார் என்பது தெரிந்துதான் அந்த மனிதர் முதலில் அங்கே போயிருக்கிறார். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டோம். காபி கொடுத்தேன். அவள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

பெரிய மாமா காபியைக் குடித்து முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். “நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு. பாதிக்குப் பாதின்னு வச்சுக்குவோம். அவரும் மறக்கட்டும், இவளும் மறக்கட்டும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். நியாயம் மாதிரியே இருந்தது அல்லவா. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“எதுல பாதி பெரியப்பா?”

முதலில் அவருக்குப் புரியவில்லை. “என்னம்மா?”

“பாதிப் பாதின்னு சொன்னீங்களே. எதுல பாதின்னு கேக்கறேன்.” அவள் வெளியே வந்தாள். “குழம்புல உப்பு போட்டது நான். கையக் கதவுல வச்சு அழுத்தினது அவர். இதுல எது முழுசுன்னு சொன்னீங்கன்னா, என் பாதி எவ்வளவுன்னு நானே சொல்லிடுறேன்.”

பெரிய மாமா காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கணவர் தலையைக் குனிந்து சிரித்தார்.

என் கணவர்தான் பேசினார். “பெரியவங்க முன்னாடி என்ன பேச்சு இது? உள்ள போ.”

“பரீட்சைக்குப் படிக்கிறதுல கொஞ்சம் வாய் கூடிடுச்சு” என்றார் அந்த மனிதர், ரொம்பப் பொறுமையாக. “எழுதட்டுங்க மச்சான். நான் வேணாம்னு சொன்னேனா? ஹால் டிக்கெட்டக் கொடுங்க. பரீட்சை அன்னிக்கு நானே வண்டியில கொண்டாந்து விடுறேன்.”

அதற்கு மேல் யாருக்கு என்ன வேண்டும்? கணவர் முகம் தெளிந்துவிட்டது. நான் விடவில்லை. “பரிட்ச வரைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். “அவ என் தங்கச்சி. நீ கணக்க மட்டும் பாரு” என்றார். மகளிர் காவல் நிலையத்துக்குப் போவோம் என்று அடுப்படியில் அவள் காதில் சொன்னேன். பையில் துணி வைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “போனா அண்ணன் வாசலும் அடைஞ்சுடும் அண்ணி. பரிட்சைய எழுதிடறேன். அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.” கணக்குத் தாள்களையும் பையில் வைத்தாள். அவள் வண்டியில் ஏறியபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளை உடைத்திருப்பேன்.

அதற்குப் பிறகு போன் செய்தால் அவர்தான் எடுப்பார். “படிச்சுக்கிட்டு இருக்காங்க” என்று மரியாதையாகச் சொல்வார்.

பரீட்சை அன்று மன்னார்குடியில் பள்ளி வாசலில் நின்றேன். வாகனங்கள் வந்துகொண்டே இருந்தன. கணவன்கள் மனைவிகளை இறக்கிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் இருந்தார்கள். கதவைச் சாத்தப் போகிறோம் என்று காவலர் சொன்னபோது கடைசி ஆளாக உள்ளே போனேன். என் பெஞ்சுக்கு முன்னால் இருந்த பெஞ்சில் அவள் எண் ஒட்டியிருந்தது.

“இவங்க வரலையா?” என்று ஹாலில் இருந்த ஆசிரியர் பொதுவாகக் கேட்டார். “வரல சார்” என்றேன். அவர் வருகைத்தாளில் குறித்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார்.

கணக்குப் பகுதியின் நடுவில் அது இருந்தது. ஒரு விவசாயி தன்னிடமிருந்த நெல்லில் பாதியை விற்றார். மீதியில் மூன்றில் ஒரு பங்கை விதைக்கு எடுத்து வைத்தார். இன்னும் இருபது மூட்டைகள் இருந்தால், முதலில் இருந்தது எவ்வளவு? விடைகளில் அறுபதும் நூற்றிருபதும் இருந்தன. கேள்வியில் தெளிவாக, கொட்டை எழுத்தில் போட்டதுபோல் எனக்குத் தெரிந்தது, ‘மீதியில்’. நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல், அவள் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே எழுதவைத்திருந்தால்கூட இதைச் சரியாகப் போட்டிருப்பாள். முன்னால் காலி பெஞ்ச். எனக்கு எழுத்து மறைந்தது. மீதிக் கேள்விகளுக்கு என்ன எழுதினேன் என்று நினைவில்லை.

அடுத்த வாரமே நான் மட்டும் கிளம்பி ஒரத்தநாட்டுக்குப் போனேன். கணவரிடம் சொல்லவில்லை. கைப்பையில் அந்தக் கேள்வித்தாள் இருந்தது. உரக்கடைக்காரர் வீட்டில்தான் இருந்தார். “வாங்க, உக்காருங்க. அன்னிக்குப் பாருங்க, வண்டி மக்கர் பண்ணிடுச்சு” என்றார். பிறகு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

அவள் அடுப்படியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் தட்டை வைத்துச் சோறு போட்டாள். இடது கையால் போட்டாள். எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைகூட இடது கையால் சோறு போடாது. வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள். நான் தலைப்பை விலக்கிப் பார்த்தேன். மணிக்கட்டு முதல் விரல்வரை மாவுக்கட்டு.

“எப்ப?”

“பரிட்சைக்கு முந்தின நாள்.” டிவி சத்தத்துக்குக் கீழே பேசினாள். “பஸ்லயாவது போயிக்கிறேன்னேன்.”

என்ன செய்வது என்று தெரியாமல் கேள்வித்தாளை எடுத்து அந்தக் கணக்கைக் காட்டினேன். அவள் வாசித்தாள். உதடு அசைந்தது. தாளும் கேட்கவில்லை, பென்சிலும் கேட்கவில்லை.

“அறுபது.”

“சரி” என்றேன்.

“இதுல ‘எதுல?’ன்னு கேக்கவே வேணாமே. அவங்களே மீதியிலன்னு சொல்லிட்டாங்களே” என்றாள். அவள் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“கிளம்பு” என்றேன். “இப்பவே என்னோட கிளம்பு. நம்ம வீட்டுல பாதி உனக்கு வரவேண்டியது. உங்க அண்ணன்கிட்ட நான் பேசறேன்.”

கூடத்திலிருந்து அவர் குழம்பு கேட்டார். இருந்ததில் பாதியைக் கிண்ணத்தில் ஊற்றி, இடது கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். என் எதிரில் உட்கார்ந்தாள். சட்டியைச் சாய்த்து, கரண்டியால் வழித்தாள்.

“எதுல பாதி அண்ணி?” என்றாள்.

கேலியாகக் கேட்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்திருந்த மாதிரியே, பென்சிலை எடுக்கும் முன் கேட்பதுபோல் கேட்டாள். அந்த வீடு என் கணவர் பெயரில் இருக்கிறது, அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. பிறகு சட்டியில் வழித்ததை என் தட்டில் போட்டாள்.